மல்லிகை முடிச்சுக்கு வைத்த பூட்டு

எனக்கு எண்பத்து நாலு வயது. ஆறு பேரை ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. எது எந்த வயிறு என்று மெட்டுகுடா சந்தில் இன்றைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமை பேசக் கூடாது என்கிறவர்கள் ஆறு பேருக்குத் தலை வாரிவிட்டு, காலை கம்பெனி பஸ்ஸையும் பிடித்துக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

எழுத்து எனக்கு அரைகுறை. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன், அதுவும் பஸ் நின்றால்தான். அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி மீரா எழுதுகிறாள். அவள் இந்த ஊர்ப் பிள்ளை. தமிழ் படிப்பாள், எழுதுவாள், என்னைத் திட்டுவது மட்டும் இந்தியில். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால், வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம்.

"பெத்த தாய்க்குமா?" என்றேன்.

"யாருக்குமே பாட்டி."

அப்போதே ஒரு பழைய சிரிப்பு என் தொண்டையில் வந்து நின்றது. அது வெளியே வந்தது போன மாதம்.

ரிட்டயர் ஆனவர்களைக் கம்பெனியில் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு, எல்லா சர்க்கார் கம்பெனியும் ஒன்றுதான்: ஒரு கேட்டு, ஒரு சைரன், ஒரு கேன்டீன், அதில் பருப்பைத் தேடவேண்டிய ஒரு சாம்பார். சால்வைக்கு அப்புறம் ஒரு ஹாலுக்குக் கூட்டிப்போனார்கள். கம்பெனி கண்டுபிடித்த சாமானெல்லாம் வரிசையாக வைத்திருந்தது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் நீல வெல்வெட், அதன் மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒயர் கட்டு. கட்டின் மேல் மெழுகு நூல் முடிச்சு வரிசையாக. கீழே ஏதோ எழுதியிருந்தது.

"என்னடி எழுதியிருக்கு?"

மீரா படித்துச் சொன்னாள். "பி முடிச்சு. நம்ம கம்பெனியோட சொந்தக் கண்டுபிடிப்பு. கண்டுபிடிச்சவர் பிரபாகர்னு ஒருத்தர். அப்புறம், தொடாதீங்கன்னு போட்டிருக்கு."

சிரித்தேன் பாருங்கள், சால்வை நழுவி விழுந்தது. கேட்டுப் பையன் ஓடி வந்து, "க்யா ஹுவா அம்மா, தபியத் டீக் ஹை?" என்றான். உடம்புக்கு ஒன்றுமில்லையப்பா, என் தலையில் இருக்கிற பூவை நீங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து மீராவிடம் சொன்னேன். இது தமிழ்ச் சங்கத்து மலரில் வர வேண்டும் என்று அவள் பேனாவை எடுத்தாள். சொல்கிறேன். எனக்கு அவசரமில்லை.

என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில் ஃபிட்டர். எழுபதுகளில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஊர் என்ன சொன்னாலும் தலையில் பூவை மட்டும் நான் விடவில்லை. அவருக்குப் பதிலாக எனக்கு ஒரு வேலை என்றார்கள். "படிப்பு?" என்று கேட்டார் இன்டர்வியூ எடுத்தவர். "கையெழுத்துப் போடுவேன்" என்றேன். "வேறே என்ன தெரியும்?" என்றார். "கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றேன். அவர் கேட்கவில்லை. பயிற்சி என்று கொஞ்ச காலம் உட்கார வைத்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கற்றுக்கொடுத்தவருக்கே கொட்டாவி.

வேலை இதுதான். ஒரு பெரிய மரப்பலகை, அதன் மேல் ஒட்டின படம், படத்தின் கோடு போகிற வழியெல்லாம் ஆணி. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒயர்களை அந்த ஆணிகளுக்கு நடுவே ஓட விட வேண்டும். ஓடி முடிந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து மெழுகு நூலால் விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்ட வேண்டும். பலகையிலிருந்து கழற்றினால் மரக்கிளை மாதிரி நிற்கும். அது ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டி எங்கே போகிறது என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள், பெரிய ரகசியம். மெட்டுகுடா ஸ்டாப்பில் வேர்க்கடலை வறுக்கிறவனைக் கேட்டால் சொல்வான்: "அதாம்மா, போலீஸ் ஜீப்புல வைக்கிற ஒயர்லெஸ்."

முடிச்சு போடும் விதத்தை வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்துக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். பார்சல் கட்டுகிற மாதிரி. கட்டி முடித்த பெட்டியை ஆட்டுகிற மெஷினில் வைப்பார்கள். ஜீப் குண்டும் குழியுமாகப் போகுமே, அந்த மாதிரி ஆட்டும். ஆட்டினால் புத்தக முடிச்சு நழுவும். நழுவக் கூடாதென்று இறுக்கினால் ஒயரின் மேல் தோலைக் கடித்துவிடும். இரண்டு விதத்திலும் மேஜைக்குத் திரும்பி வரும். திட்டு மட்டும் நழுவாமல் வரும்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபத்தில் கை தானாகப் பூ கட்டுகிற முடிச்சைப் போட்டது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பூ கட்டத் தெரியாத பொம்பளை கிடையாது. மல்லிக் காம்பு எவ்வளவு மொத்தம்? நெல்மணி அளவுகூட இல்லை. இறுக்கினால் நசுங்கிக் கறுத்துப்போகும். தளர்த்தினால் கோயிலுக்குப் போய்ச் சேருவதற்குள் தெருவெல்லாம் பூ. நடுவில் ஒரு இழுப்பு இருக்கிறது. அது விரலுக்குத் தெரியும், வாய்க்கு வராது. ஒயரின் தோலுக்கும் அதே இழுப்புதான். கட்டின் மேல் நூலை ஒரு சுற்று, அப்புறம் ஒரு கண்ணி, கண்ணியின் அடி வழியாக நூலை வாங்கி ஒரு சொடுக்கு.

இந்த இடத்தில் மீரா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "பாட்டி, இதை எழுதலாமா? கம்பெனி கேஸ் போடப் போறாங்க."

"போடட்டும். முதல்ல பூக்காரி மேல போட்டுட்டு, அப்புறம் என் கிட்ட வரட்டும். நீ எழுதுடி."

ஆனால் பூவுக்கும் ஒயருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பூவில் கண்ணியைத் தலை வழியாக மாட்டிவிடலாம். ஒயர் கட்டுக்குத் தலை எங்கேயோ இருக்கிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் நூல் கண்டு முழுவதையும் அடியால் விட்டு வாங்க வேண்டும். கண்டு ஆணியில் சிக்கும், என் வாயில் கெட்ட வார்த்தை வரும். பக்கத்து ஸ்டூலில் மெஹபூப் பீ. அவள் பழைய நகரத்துக்காரி, வீட்டில் தலைமுறையாகப் புடவைக்கு ஜரிகை வேலை. கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஐசா நக்கோ அக்கா, இப்படி வேணாம்" என்று என் கையிலிருந்து நூலைப் பிடுங்கி, மகன் தின்று போட்ட ஐஸ்குச்சி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, இரண்டு முனையிலும் பல்லால் கடித்து வெட்டு வைத்து, ஜரிகை நூல் சுற்றுகிற மாதிரி சுற்றிக் கொடுத்தாள். குச்சி மீன் மாதிரி ஆணிக்குள் புகுந்து வந்தது.

முடிச்சு வேலூருடையது, குச்சி சார்மினார்ப் பக்கத்தது. சாயங்காலத்துக்குள் பெஞ்சில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆட்டுகிற மெஷின் ஆட்டி ஆட்டிக் களைத்தது, முடிச்சு அசையவில்லை.

இப்போது பிரபாகர் சார். எங்கள் செக்‌ஷனுக்கு மேலதிகாரி. அவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவரே நிதானமானவர். எதையும் கையால் தொட மாட்டார். எல்லாவற்றையும் ஒரு பென்சிலால் சுட்டுவார், ஒயரை, மெஷினை, எங்களை. பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி டையால் துடைப்பார். துடைத்துத் துடைத்து டையின் நுனி மட்டும் பளபளவென்று இருக்கும். முதலில் இங்கிலீஷில் சொல்வார். நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொல்வார். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருமூச்சு. நான் அதையெல்லாம் தமிழில் சொல்கிறேன், பெருமூச்சை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மழையில் எங்கள் பஸ் வராவிட்டால் தன் ஜீப்பை அனுப்புவார். என்ன, அந்த ஜீப்பையும் தானே கண்டுபிடித்த மாதிரி அனுப்புவார்.

திரும்பி வருகிற கட்டு நின்றுபோனதும் பென்சிலோடு வந்தார்.

"இந்த முடிச்சு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார். பூ கட்டுறது."

கண்ணாடியைத் துடைத்தார். "பூ என்று வெளியே சொல்லாதே. கமலம்மா, இது டெக்னாலஜி."

அடுத்த வாரமே அதற்குப் படம் வரைந்தாகிவிட்டது. பெயரும் வைத்தாகிவிட்டது, பி முடிச்சு. "பூவுக்கு பி-யா சார்?" என்று கேட்டேன். படத்தின் ஓரத்தில் தன் பெயரை அழகாக எழுதியிருந்தார். அதன் மேல் சிவப்பு மையில் ரகசியம் என்று ஒரு முத்திரை. கதவில் ஒரு போர்டு: அனுமதி இல்லாதவர்கள் முன்னால் பி முடிச்சு போடக் கூடாது. அனுமதி உள்ளவர்களின் பெயரைத் தானே ஒரு தாளில் எழுதி ஒட்டினார். கதவில் ஒரு காவல், தேவசகாயம். நாகர்கோவில்காரர், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றுப் போலாரத்தில் வீடு கட்டினவர். போர்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அவருக்கு வேதம். தேவாலயத்து வேதம்கூட அப்புறம்தான்.

எங்களை வரிசையாக நிறுத்தி ரகசியத்தைப் பற்றி வகுப்பு எடுத்தார் பிரபாகர் சார். வெளியே யாருக்கும் காட்டக் கூடாது, சொல்லக் கூடாது. நான் கையைத் தூக்கினேன்.

"வீட்டுல பூ கட்டலாமா சார்?"

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் யோசித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி.

"பூவுக்குக் கட்டலாம். ஒயருக்குக் கூடாது. ஆனால் கட்டும்போது யாரும் பார்க்கக் கூடாது."

அன்று சாயங்காலம் மோண்டா மார்க்கெட்டில் பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்து, சர்க்கார் ரகசியத்தை முழம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு முழம் வாங்கினேன். பேரம் பேசித்தான்.

அவருக்கு அந்த வருஷம் விருது கிடைத்தது. எங்களுக்கு ஸ்டீல் டப்பா, உள்ளே லட்டு. லட்டு நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்லமாட்டேன்.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமேல் கொஞ்சம் சிரிப்பில்லாதது.

மெஹபூப் பீ டெம்பரரி. ஒரு நாள் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் ரிக்‌ஷாவிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். அவள் சம்பளம்தான் வீடு. அலைந்து திரிந்து பாலாநகரில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தாள். அங்கேயும் ஒயர் கட்டும் வேலை. அங்கேயும் கை அதே முடிச்சைத்தான் போட்டது. வேறு எதைப் போடும்? பட்டறை முதலாளிக்கு எங்கள் கம்பெனியே ஒரு சின்ன ஆர்டர் கொடுத்திருந்தது. கட்டின சரக்கு சோதனைக்காக எங்கள் மேஜைக்கே வந்தது. பிரபாகர் சார் பென்சிலால் புரட்டினார். பி முடிச்சு, வரிசை வரிசையாக, என்னுடையதைவிட அழகாக.

பென்சில் கீழே விழுந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். டைப் அடித்த தாள் ஒன்று. மெஹபூப் பீ கம்பெனி ரகசியத்தைத் திருடிக்கொண்டு போய் வெளியில் கொடுத்தாள், அது எனக்குத் தெரியும் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பட்டறைக்கு ஆர்டர் நிற்கும், அவளை வெளியே தள்ளுவார்கள், இந்த ஊரில் எந்தப் பட்டறையும் அப்புறம் அவளைச் சேர்க்காது. போடாவிட்டால் சொல்லிக் கொடுத்தது நான் என்று ஆகும்.

"யோசித்துச் சொல், கமலம்மா. உனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்."

எனக்குக் குழந்தைகள் இருப்பதை மற்றவர்கள் ஞாபகப்படுத்தும் நாள் நல்ல நாளாக இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெஹபூப் பீ மெட்டுகுடாவுக்கு வந்தாள். பட்டறை முதலாளி மூலமாக விஷயம் தெரிந்துவிட்டது. பர்தாவைக்கூட எடுக்காமல் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"சைன் போடு அக்கா."

"பைத்தியமாடி உனக்கு?"

"நக்கோ அக்கா, கேளு. எனக்கு ரெண்டு பிள்ளைங்க, உனக்கு ஆறு. நான் வீட்ல ஜரிகை போட்டுப் பொழைச்சுப்பேன். நீ என்ன பண்ணுவே? பூ விப்பியா?"

"காய்கு? ஏன், வித்தா என்ன? பி முடிச்சு போட்ட பூன்னு கூவி விப்பேன். ரெட்டை விலை கிடைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். "அல்லா கஸம், சத்தியமா நான் திருடலை அக்கா."

"குச்சி உன்னுது, முடிச்சு என்னுது. இதுல யாரு யார்கிட்ட திருடினா? திருடினவர் அங்கே கண்ணாடி தொடைச்சிட்டு உட்கார்ந்திருக்கார். எழுந்திரு, சாப்பிடு. கத்தரிக்காய்க் குழம்பு இருக்கு."

"ஹவ்" என்று தலையாட்டினாள். சாப்பிட்டாள். கையெழுத்துப் போடு என்று போகும்போது இன்னொரு தடவை சொன்னாள். பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

திங்கட்கிழமை போய், "போட மாட்டேன் சார்" என்றேன்.

"அவள் நம்முடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், கமலம்மா."

"சார், எங்க தெருவுல உறைமோர் கேட்டா யாரும் இல்லைன்னு சொல்றதில்ல. வெள்ளிக்கிழமை விளக்கு வெச்சப்புறம் மட்டும்தான் கொடுக்க மாட்டோம், அதுக்கும் மறுநாள் காலையிலே கொடுத்துடுவோம். ஏன்னா, நாளைக்கு என் தயிர் கெட்டா அவ வீட்டுலதான் நான் கேக்கணும். இன்னிக்குக் கொடுத்தா என் தயிர் குறைஞ்சா போச்சு?"

"உறைமோர் வேறே, டெக்னாலஜி வேறே."

"ஆமா சார். உறைமோரை யாரும் நான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கிறதில்ல."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று என் மூத்தவன் இன்றைக்கும் சொல்வான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாளே மெமோ வந்தது. ரகசியத்தை வெளியே கொடுத்ததற்கு எழுத்தில் விளக்கம் கொடு, இல்லாவிட்டால் வேலை கிடையாது. "எனக்கு எழுத வராது, நான் சொல்றேன், நீங்களே எழுதிக்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு யாரும் வரவில்லை.

வேலை போனால் என்ன என்று எனக்குத் தெரியாமலில்லை. சின்னவளுக்கு ஸ்கூல், தங்கை பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் செக்‌ஷன் கதவைத் தாண்டும்போது அந்தப் போர்டு கண்ணில் பட்டது. தினமும் பார்க்கிற போர்டுதான். அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். அனுமதி இல்லாதவர்கள் முன்னால் பி முடிச்சு போடக் கூடாது. என்ன அழகான உத்தரவு! அதை நாங்கள் இதுவரைக்கும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெஞ்சில் இருந்தவர்களிடமும் கதவில் தேவசகாயத்திடமும் சொன்னேன். எல்லோருக்கும் வெட்கமாகப் போய்விட்டது.

டீக்காரன் உள்ளே வந்தான். எல்லாக் கையும் மேஜைக்கடியில். அவன் ஒவ்வொரு டம்ளராக வைத்து முடிக்கிற வரைக்கும் நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் ட்யூப்லைட் மாற்ற எலெக்ட்ரிஷியன் ஏணியோடு வந்தான். சர்க்கார் ட்யூப்லைட் மாற்றுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏணி, அப்புறம் ஸ்க்ரூ டிரைவர், அப்புறம் சரியான ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவு நேரமும் கை மேஜைக்கடியில்தான். பெருக்குகிறவள் வந்தாள். கணக்கு ஆபீஸிலிருந்து ஒருத்தர் நாற்காலிகளை எண்ண வந்தார். கையை எடுத்தோம், வைத்தோம், எடுத்தோம். ஆணிப் பலகையில் ஒயர்கள் கட்டாத கூந்தல் மாதிரி தொங்கிக்கொண்டு கிடந்தன.

பிரபாகர் சார் பென்சிலோடு வந்தார். கதவில் தேவசகாயம் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அடித்த கையை அப்படியே குறுக்கே நீட்டினார்.

"சார், ஒங்க பேரு தாள்ல இல்ல."

"என்ன?"

"முடிச்சைப் பார்க்க அனுமதி உள்ளவங்க பேரு. நீங்க ஒட்டின தாளுதான் சார். இருக்கிறது பூராவும் பொம்பளைங்க பேரு."

அவர் தன் கையால் எழுதின தாளைத் தானே மேலிருந்து கீழாகப் படித்தார். தன்னையே எழுத மறந்திருந்தார். எல்லாவற்றிலும் தன் பெயரைப் போடுகிற மனுஷன், அதில் மட்டும் விட்டுவிட்டார். உள்ளே நாங்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தோம்.

தன் பெயரைச் சேர்க்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும், சேர்த்துவிட்டார். ஆனால் அதற்குள் இன்னொன்று வந்து சேர்ந்தது. டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி பி முடிச்சைப் பார்க்க வருகிறார். பார்த்துப் பிடித்துப்போனால் பிரபாகர் சாருக்கு ப்ரமோஷன். பெரிய மனிதர் வந்தால் மாலை கட்டுவது எப்போதும் நான்தான். அது என் வேலையில் எழுதியிராத வேலை, பொம்பளைகளுக்கென்று தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தோட்டக்காரன் பூக் கூடையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தான். நான் கூடையைத் தள்ளி வைத்தேன்.

பிரபாகர் சார் வந்து நின்றார். "மாலை எங்கே?"

"எப்படி சார் கட்டறது? அதுவும் அதே முடிச்சு. மாலையாக் கட்டினா அவர் கழுத்துல போட்டுட்டு கேட்டைத் தாண்டிப் போவார். ரகசியம் வெளியே போயிடுமே. ஏற்கெனவே எனக்கு ஒரு மெமோ இருக்கு."

"கமலம்மா!"

"அது மட்டுமில்ல சார். டெல்லிக்காரர் பேரும் தாள்ல இல்ல. அவர் உள்ளே வந்தா நாங்க கையை எடுத்துடணும். என்ன முடிச்சைப் பார்ப்பாரோ, பாவம், அவ்வளவு தூரம் வர்றாரு."

பென்சிலைச் சுழற்றிக்கொண்டே நின்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அப்புறம் முதல் தடவையாக நேராகத் தெலுங்கில் பேசினார், இங்கிலீஷும் இல்லை, பெருமூச்சும் இல்லை. "உனக்கு என்ன வேண்டும்?"

"ரெண்டு சார். மெமோவை எடுத்துக்குங்க. அந்தப் பட்டறை ஆர்டர்ல கை வைக்காதீங்க, மெஹபூப் பீ பேரை எங்கேயும் எழுதாதீங்க."

"வெளியே போன முடிச்சுக்கு நான் மேலே என்ன பதில் சொல்வேன்?"

"அது உங்க பாடு சார். நீங்க பெரிய படிப்பு."

அவர் கொஞ்ச நேரம் கூடையில் இருந்த மல்லிகையைப் பார்த்தார். "சரி, கட்டு" என்றார். மெமோ தாளைத் தன் கையாலேயே கிழித்தார். அவர் கையால் தொட்டு நான் பார்த்த முதல் சாமான் அதுதான். அப்புறம் நான் மாலை கட்டினேன். வஞ்சனை பண்ணாமல் நன்றாகவே கட்டினேன். கை எனக்குச் சொந்தம், அதைக் கெடுத்துக்கொள்ள மாட்டேன்.

டெல்லிக்காரர் வந்தார். பிரபாகர் சார் மாலை போட்டார். அப்புறம் பெரிய படத்தை விரித்து, பென்சிலால் சுட்டி, பி முடிச்சின் பெருமையைச் சொல்லத் தொடங்கினார். இந்த முடிச்சு உலகத்தில் எங்கேயும் இல்லை என்றார். டெல்லிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே, கழுத்திலிருந்த மாலையின் நூலை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முடிச்சாக. உலகத்தில் எங்கேயும் இல்லாததை விரலால் எண்ணிக்கொண்டே கேட்டார், அதை அவர் கவனிக்கவில்லை. பிரபாகர் சார் கவனித்துவிட்டார். என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேலே பேசினார்.

பேசினார் பாருங்கள்! பி முடிச்சைப் பூட்டி வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லையாம். தேசத்தில் சின்னப் பட்டறைகளும் வளர வேண்டுமாம். அதனால் அவரே பாலாநகரில் ஒரு பட்டறைக்கு இந்த டெக்னாலஜியை மனமுவந்து கொடுத்திருக்கிறாராம். அங்கே ஏழைப் பெண்கள் பிழைக்கிறார்களாம். டெல்லிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அவ்வளவு அழகான பொய்க்குத் தட்டாமல் இருக்க முடியாது. பதவியும் வந்தது, இன்னொரு விருதும் வந்தது. ஒன்று பூட்டி வைத்ததற்கு, ஒன்று திறந்துவிட்டதற்கு. பூட்டும் அவருடையதில்லை, உள்ளே இருந்ததும் அவருடையதில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டுவிட்டு பாலாநகருக்குப் போய் மெஹபூப் பீயிடம் சொன்னேன். "உன்னைத் திருடின்னு சொல்லப் போறதில்ல. சார் உனக்கு தானம் பண்ணிட்டாராம்."

"எதை?"

"உன் குச்சியை."

"அரே அல்லா" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அந்தப் பட்டறையிலேயே கடைசி வரை இருந்தாள். புதிதாக வந்த பெண்கள் எல்லோருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் பண்ணினாள். புருஷனுக்குக் கடைசி வரை கஞ்சி ஊற்றினாள். அவளும் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவளுடைய பேத்தி ஒருத்தி பாலாநகரில் பட்டறையே வைத்திருக்கிறாள். போன ஈத் அன்று சேமியா கொண்டு வந்தாள், என் மாத்திரைப் பெட்டியை எடுத்து ஓரமாக வைத்தாள், எனக்கு முன்னால் உட்கார்ந்து என் தலைக்குப் பூ கட்டினாள். அதே முடிச்சு. கை என்னைவிட வேகம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியில் என் பெயரைப் போடச் சொல்லி நான் கேட்கப் போவதில்லை. போட்டால் அதுவும் பொய். என் அம்மாவுக்கு யாரோ காட்டினார்கள், அவளுக்கு முன்னால் யாரோ. எல்லார் பெயரையும் போட்டால் வெல்வெட்டில் ஒயருக்கு இடம் இருக்காது. எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். தொடாதே என்று எழுதியிருக்கிறார்களே, அதில்தான். தொடாமல் எப்படியம்மா கற்றுக்கொள்வது?

சரி, போதும். மீரா, முதலிலிருந்து படித்துக் காட்டு. மெதுவாக இல்லை, சத்தமாக. அதற்கு முன்னால் எழுந்து போய் அந்தத் தெருக் கதவைத் திறந்து வை.